காதில் அறைவதற்குப் பெயர் பேய்ப்படமா?

நேற்று இரவும் அதே கொடுமைதான். எல்லோரும் உறங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, புதிதாக வந்திருந்த பேய்ப்படம் ஒன்றைப் பார்க்க ஆசையோடு உட்கார்ந்தேன். தாயும் மகளும் பேசிக்கொள்ளும் முதல் காட்சியிலேயே ஒரு சொல்லும் விளங்கவில்லை. இருவரும் உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ரிமோட்டை எடுத்து ஒலியளவை 14இலிருந்து 26க்கு ஏற்றிய பிறகுதான் அந்தப் பெண்ணின் கணவன் இறந்துபோனவன் என்பதே தெரிந்தது. அடுத்த நிமிடம் மகள் அலமாரியைத் திறந்தாள். இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்தது போன்ற ஓர் இரைச்சல் வீடு முழுவதும் அதிர்ந்தது. பக்கத்து அறையில் உறங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டு அழுதது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து விழுந்தது ஒரு தொப்பி. பேயும் இல்லை, பிணமும் இல்லை, வெறும் தொப்பி.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சிறு வயதிலிருந்து பேய்ப்படங்களை விரும்பிப் பார்ப்பவன் நான். பிறர் முகம் சுளிக்கும்போதும் இந்த வகைப் படங்களுக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசியவன். அதனால்தான் வயிறு எரிகிறது. தொப்பி விழும் காட்சிக்கு அத்தனை பெரிய ஓசையைச் சேர்த்தவர், என்னைப் பயமுறுத்த வேண்டும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. காதில் ஓர் அறை விட்டால் போதும், இவன் துள்ளுவான், துள்ளியதைப் பயம் என்று நம்பிக்கொள்வான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு. எதிர்பாராமல் ஒரு பெரிய ஓசை கேட்டால் கண் இமைக்கிறது, தோள் குறுகுகிறது, கழுத்துத் தசை இறுகுகிறது. இவையெல்லாம் ஒரு நொடியின் சிறு பங்குக்குள், கேட்டது என்ன என்று மனம் உணர்வதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. மூளைத்தண்டு செய்யும் அனிச்சை வேலை அது. பாத்திரம் கீழே விழுந்தாலும் அதே துள்ளல்தான், கதவு படாரென்று சாத்திக்கொண்டாலும் அதே துள்ளல்தான். அதை வரவழைக்க ஒரு கதை வேண்டாம், நடிகர் வேண்டாம், ஒளிப்பதிவாளர் வேண்டாம். பயம் அப்படிப்பட்டதன்று. பயத்துக்கு நேரம் வேண்டும். அந்தப் பெண்ணை நமக்குப் பிடித்திருக்க வேண்டும். அவளுக்கு என்ன ஆகிவிடுமோ என்று நெஞ்சு பதைக்க வேண்டும். படம் முடிந்து படுத்த பிறகும், கட்டிலுக்கு வெளியே தொங்கும் காலை நாமே உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒரே மாதிரியான ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அந்த அனிச்சைச் செயலும் மங்கிவிடுகிறது. அதனால்தான் முதல் இரைச்சலைவிட ஐந்தாவது இரைச்சல் பெரியதாகவும், ஐந்தாவதைவிடப் பதினைந்தாவது இன்னும் பெரியதாகவும் வைக்க வேண்டிய நிலைக்கு இவர்கள் வந்து நிற்கிறார்கள். கடைசி அரைமணி நேரம் முழுக்க ஒரே கூச்சலாக இருப்பதற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த உத்தியே தவறு என்று நான் சொல்லவில்லை. 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில், இரவில் தனியாக நடந்து செல்லும் ஒரு பெண்ணை யாரோ பின்தொடர்கிறார்கள். இரண்டு ஜோடிக் காலடி ஓசைகள் கேட்கின்றன. பிறகு பின்னால் வந்த ஓசை நின்றுபோகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள், நடையை விரைவாக்குகிறாள், ஓடத் தொடங்குகிறாள். பின்னணி இசை என்ற ஒன்று அங்கே இல்லை. நம் மூச்சு நின்றுபோன அந்த நொடியில், சீறலோடு ஒரு பேருந்து திரைக்குள் வந்து நிற்கிறது. அந்தப் படத்தின் தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் ‘லூட்டன் பேருந்து’ என்றே இந்த உத்தி இன்றுவரை அழைக்கப்படுகிறது. அந்தப் பேருந்து நம்மை அறைவதற்கு முன்பு, நடையும் நிழலும் மௌனமுமாக நாம் ஏற்கெனவே நடுங்கிப்போயிருந்தோம் என்பதை இன்றைய படங்கள் மறந்துவிட்டன. பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த நீண்ட நடையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். இப்போது தோழி தோளில் கைவைத்தாலும் பேருந்து, பூனை குதித்தாலும் பேருந்து, கைப்பேசி ஒலித்தாலும் பேருந்து.

வீட்டில் பார்ப்பவர்கள் படும் பாட்டை யாராவது ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருப்பார்களா? பெரிய அரங்கின் ஒலிபெருக்கிகளுக்காகச் செய்த ஒலிக்கலவையை அப்படியே தொலைக்காட்சிக்கும் தள்ளிவிட்டால், முணுமுணுப்பு கேட்கும் அளவுக்கு ஏற்றிய ஒலியில் அலறல் காதைக் கிழிக்கிறது. அலறலுக்கு அஞ்சிக் குறைத்த ஒலியில் முணுமுணுப்பு மறைந்துவிடுகிறது. பத்து டெசிபல் கூடினாலே ஓசை ஏறத்தாழ இரண்டு மடங்காகக் காதுக்குத் தோன்றும் என்பார்கள். பேச்சுக்கும் அலறலுக்கும் இடையே இவர்கள் விடும் இடைவெளியோ அதையும் தாண்டிச் செல்கிறது. படம் முழுவதும் கட்டைவிரல் ரிமோட்டின் மேலேயே இருக்கிறது. யாராவது மெதுவாகக் கதவை நோக்கி நடந்தால் கை தானாகவே ஒலியைக் குறைக்கிறது. பேய் வரப்போவதைத் திரையைவிட என் கட்டைவிரல் முன்கூட்டியே அறிந்திருக்கும் ஒரு படத்தில் நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

அப்படி முன்கூட்டியே அறிய முடிவதும் இவர்கள் செய்த வினைதான். குளியலறை அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறந்து நாயகி மருந்தை எடுப்பாள். மூடும்போது பின்னால் ஓர் உருவம் நிற்கும். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள், ஒன்றும் இருக்காது. நிம்மதியாக நிமிர்ந்தால் எதிரில் இருக்கும். இசை திடீரென்று நின்றுபோனால் மூன்று எண்ணுவதற்குள் இடி இறங்கும். இந்த வாய்ப்பாட்டை நாங்கள் மனப்பாடம் செய்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அதே கண்ணாடி, அதே கட்டில், அதே மூன்று எண்ணிக்கை.

ஓசையே இல்லாமல் குலை நடுங்க வைக்க முடியாதா என்றால், முடியும் என்பதற்குச் சான்றுகள் கண்ணெதிரே இருக்கின்றன. 1961இல் வந்த ‘தி இன்னசென்ட்ஸ்’ படத்தில், ஏரிக்கரையில் குழந்தையோடு இருக்கும் வீட்டு ஆசிரியை, எதிர்க்கரை நாணற்புதர்களுக்கு நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்பதைக் காண்கிறாள். பகல் வெளிச்சம். அந்த உருவம் பாயவில்லை, அலறவில்லை, கோர முகம் காட்டவில்லை, வெறுமனே நிற்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கறுப்புவெள்ளைக் காட்சியை நான் முதன்முதலில் பார்த்த இரவில், சன்னல் திரையை இழுத்து மூட எழுந்து போகக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. பழைய கதை வேண்டாம் என்பவர்களுக்கு, 2018இல் வந்த ‘ஹெரிடிடரி’ இருக்கிறது. மகன் இருட்டறையில் விழித்தெழுகிறான். திரையில் அவனைத் தவிர வேறு யாரும் இல்லை என்றுதான் முதலில் நினைக்கிறோம். கண் இருட்டுக்குப் பழகப் பழக, அவனுக்குப் பின்னால் சுவரும் கூரையும் சேரும் மூலையில் அவனுடைய தாய் பல்லியைப் போல் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. ‘இதோ பார்’ என்று எந்த ஓசையும் நம் கழுத்தைப் பிடித்துத் திருப்புவதில்லை. நாமே கண்டுபிடிக்கிறோம், எவ்வளவு நேரமாக அவள் அங்கே இருந்திருப்பாள் என்ற எண்ணம் வரும்போதுதான் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. 2025இல் வந்த ‘வெப்பன்ஸ்’ படத்தில், நள்ளிரவு கடந்து 2:17 மணிக்கு 17 குழந்தைகள் தத்தம் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தபடி இருட்டுக்குள் ஓடுகிறார்கள். அந்தக் கைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. பிற்பகுதியில் காரணம் தெரிந்தபோது அந்தப் பயத்தில் ஒரு பங்கு கரைந்துபோனது என்பது என் எண்ணம், என்றாலும் அந்த ஓட்டம் மனத்தை விட்டு அகலவில்லை.

காரணம் என்றதும் இன்னொரு குமுறலும் வருகிறது. பேய் ஏன் பேயானது என்பதை இருபது நிமிட பிளாஷ்பேக்கில் பிறந்த தேதி முதல் இறந்த தேதி வரை விளக்கியே தீர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? பழைய நாளிதழ்த் துணுக்குகள், தூசி படிந்த ஓலை அல்லது நாட்குறிப்பு, எல்லாம் அறிந்த ஒரு முதியவர், அவர் வாயால் முழுக் கதை. அந்த முதியவர் பேசி முடிப்பதற்குள் பேய் ஒரு வழக்குக் கோப்பாக மாறிவிடுகிறது. 1999இல் வந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ முடியும்வரை அந்தச் சூனியக்காரியின் நிழலைக்கூட நாம் பார்ப்பதில்லை. சுவரின் மூலையைப் பார்த்து முதுகு காட்டி நிற்கும் ஒரு மனிதனோடு படம் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை அந்த இரவு முழுவதும் நம் மனம்தான் எழுதுகிறது. பார்ப்பவனின் மனத்துக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்காத படம் பார்ப்பவனை எப்படிப் பயமுறுத்தும்?

கணினி வரைகலைப் பேய்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். 1998இல் வந்த ‘ரிங்கு’ படத்தில் சடாகோ என்ற பேய் நடந்து வருகிறாளே, அந்த நடையை நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டித்தான் பெற்றார்கள். மனித உடல்தான், மனிதக் கால்தான். ஆனால் ஏதோ ஒன்று முறைதவறி இருப்பதைக் கண் உணர்ந்துகொள்கிறது. எவ்வளவு எளிய யோசனை! வாய் காதுவரை கிழிந்து, கறுப்புப் புகையாகக் கரைந்து, கூரையில் ஊர்ந்து வரும் இன்றைய உருவங்களில் அந்த ஒரு நடையின் கால்பங்கு நடுக்கம்கூட இல்லை. இது போதாதென்று, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் எது தலை எது கால் என்று தெரியாத அளவுக்குக் காட்சிகளை இருட்டடித்துவிடுகிறார்கள். இருட்டு பயத்தைத் தர வேண்டுமானால் அதற்குள் எதையோ பாதியாவது நாம் காண வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் கண்ணுக்கு வலிதான் மிச்சம். கறுப்புவெள்ளையிலேயே எடுக்கப்பட்டு 2024இல் வந்த ‘பிரமயுகம்’ இருட்டுக்குள் ஒரு முகத்தையும் ஒரு விளக்கையும் எப்படி வைக்க வேண்டும் என்று காட்டியிருக்கிறதே, அதையாவது ஒருமுறை பார்க்கக் கூடாதா?

முன்னோட்டங்கள் இன்னொரு துரோகம். படத்திலுள்ள நல்ல திடுக்கிடல்கள் அத்தனையையும் இரண்டரை நிமிடத்தில் கொட்டிவிட்டு, பிறகு முழுப்படத்துக்கும் வா என்கிறார்கள். 2024இல் ‘லாங்லெக்ஸ்’ படத்தை விளம்பரப்படுத்தியவர்கள், அதில் கொலைகாரனாக நடித்த நிக்கோலஸ் கேஜின் முகத்தை மறைத்தே வைத்தார்கள். அதனாலேயே கூட்டம் சேர்ந்தது. மறைத்தால்தான் பார்க்க வருவார்கள் என்பது கண்முன் நிரூபிக்கப்பட்ட பிறகும் ஏன் இந்த அவசரம்?

அரங்கில் மக்கள் அலறுகிறார்களே, அது வெற்றி இல்லையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். அலறிய அடுத்த நொடி அவர்கள் சிரிக்கிறார்கள், கவனித்துப் பாருங்கள். உடல் ஏமாந்துபோனது என்று உணர்ந்த சிரிப்பு அது. உண்மையில் பயந்தவர்கள் சிரிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சற்று உட்கார்ந்திருப்பார்கள்.

குழந்தை மீண்டும் உறங்கிய பிறகு, ஒலியை முழுவதுமாக அடைத்துவிட்டு, வசன எழுத்துகளைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தின் மிச்சத்தையும் பார்த்தேன். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்த இடத்தில் ஒரு காட்சி வந்தது. நீண்ட நடைவழி, அதன் கோடியில் ஒரு வெற்று நாற்காலி. தாய் இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். கேமரா அசையவில்லை. அவள் ஒவ்வொரு துணியாக எடுத்து மடிக்க மடிக்க, நாற்காலி ஒவ்வொரு முறையும் முன்பிருந்த இடத்தைவிடச் சற்று அருகில் இருப்பது போலத் தோன்றியது. நகர்வதை மட்டும் பார்க்க முடியவில்லை. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. இதை யோசித்தவர் யாரோ, அவருக்குப் பயம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஓசையோடு இது எப்படி இருக்கும் என்று அறியும் ஆவலில் காட்சியைப் பின்னுக்கு ஓட்டி, ஒலியை மெல்லத் திறந்து மறுபடியும் பார்த்தேன். முதல் துணியை அவள் மடிக்கத் தொடங்கியதுமே வயலின்கள் கிறீச்சிட ஆரம்பித்துவிட்டன. நாற்காலி நகர்ந்த ஒவ்வொரு முறையும் ஒரு முரசு, கடைசித் துணிக்கு அந்தச் சம்மட்டி அடி. அந்தக் காட்சியை எடுத்தவரை நம்பாமல், பார்த்துக்கொண்டிருந்த என்னையும் நம்பாமல், யாரோ ஒருவர் அதன் மேல் இரைச்சலைக் கொட்டி அதைக் கொன்றிருக்கிறார்.