மாட்டு ரத்தத்தை நம்மூர் வௌவால் குடிக்காது

பழனி மலையின் தாண்டிக்குடிப் பாறைப்பொந்து வௌவால்கள் மாட்டு ரத்தம் குடிக்கின்றன, புகை போட்டு விரட்டுங்கள் என்று ஓர் அண்ணன் தன் பதிவில் படத்துடன் எழுதியிருப்பது தவறு. ரத்தம் குடிக்கும் வௌவால்கள் உலகிலேயே 3 இனம்தான். மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை மட்டுமே உண்டு. பழனி மலையில் கிடையாது.

அவர் போட்ட படத்திலிருக்கும் பெரிய காது வௌவால் (Megaderma lyra) தவளை, எலி, பல்லி, பூச்சி தின்பது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஜி. மாரிமுத்து ஜெர்மன் ஆய்வாளர் நாய்வைலருடன் 1987இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள்: இருட்டில் தவளை நகரும் சரசரப்பைக் கேட்டே இது பாய்கிறது, அசையாமல் கிடக்கும் தவளையைக் கண்டுகொள்வதில்லை. எவ்வளவு நுட்பமான காது!

தயவுசெய்து புகை போடாதீர்கள், குட்டிகள் செத்துப்போகும். மாட்டுக் காயத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள் அண்ணா.