நிதிக்குழுப் பணம் ஊராட்சித் தலைவரின் விருப்பப்படி செலவாவதில்லை

"ஒன்றிய அரசு நிதிக்குழு மானியத்தை நேராக ஊராட்சிக்குத் தருகிறது. சாலை போடாவிட்டால் தலைவர் சுருட்டிவிட்டார் என்றுதான் பொருள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. நிதிக்குழு என்பது ஒன்றியப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் குழு.

15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை வகுத்த கணக்கில் மானியத்தின் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி, அதாவது குறித்த வேலைக்கு மட்டுமே செலவிட வேண்டிய பணம். அதில் பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. அந்தப் பணத்தில் ஒரு முழம் சாலைகூடப் போட முடியாது. மீதி 40 விழுக்காட்டில் போடலாம். ஆனால் அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது. எங்கள் ஊரில் விடியற்காலை நான்கரை மணிக்கு மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடும் மனிதருக்கு வீட்டு வரியும் மாநில நிதியும் வந்தால்தான் கூலி. வரி பாக்கி வைத்திருக்கும் நாமும் அவர் வயிற்றில்தான் அடிக்கிறோம்.

இன்னொன்று: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாவிட்டால் இந்த மானியமே நிற்கும். 2016 முதல் 2019 வரை தமிழ்நாட்டில் தேர்தல் நடக்காதபோது அதுதான் நடந்தது. 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, மன்றத்துக்குப் பதில் நிர்வாகம் பார்க்கும் அரசு அதிகாரிகளான தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் தலைவரைத் திட்டி என்ன பயன்?

ஊழலே இல்லை என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து, எந்தக் கணக்கிலிருந்து எந்த வேலைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். சென்ற முறை எங்கள் ஊரில் அதைக் கேட்டது இரண்டே பேர்.