சிம்மாசனத்தை எடுத்ததும் தெரிந்த தாய்மாமன்

"நடிப்பு முடியட்டும், செட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சேலத்து நாடகக் குழுக்களில் சொல்வதைப் பல காலமாகக் கேட்டுவருகிறேன். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஒரு பிரதிக்கு இயக்குநர் காணும் பொருளில் பாதிக்கு மேல், மேடையில் எது எங்கே நிற்கிறது என்பதிலிருந்தே பிறக்கிறது என்பது, சோபக்ளிசின் கிரேக்க நாடகம் 'ஆன்டிகனி'யை அம்மாபேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அரசன் கிரேயோனுக்கு நான்கடி உயரத்தில் சிம்மாசனம் என்பது திட்டம். ஆன்டிகனியின் உடன்பிறந்தவனின் பிணத்தைப் புதைக்கக்கூடாது என்று தடை போட்ட அவர் மேலிருந்து பேச, அவள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள். ஒரு மாத ஒத்திகையும் கொடுங்கோலன், கலகக்காரி என்ற கணக்கிலேயே ஓடியது. முந்தின நாள், மேடைப் பலகை தருவதாகச் சொன்னவர் முகூர்த்த நாள் என்று கைவிரித்துவிட்டார். மிஞ்சியது பந்திக்கூடத்து பெஞ்சு ஒன்று. ஒரு கால் கட்டையானதால் அடியில் செய்தித்தாளை மடித்து வைத்தோம்.

கிரேயோன் அதில் உட்கார, ஆன்டிகனி நான்கு முழத் தூரத்தில் அதே தரையில் நின்றாள். பெஞ்சு ஆடியதால் அவர் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். அதட்டிச் சொல்லவேண்டிய வசனம் தணிந்து, ஏறக்குறைய கெஞ்சலாக வந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவர் அவளுடைய தாய்மாமன். அவர் மகன் ஹேமோன் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன், நம் முறையில் மாமன் மகன். எத்தனையோ முறை படித்த பிரதியில் இருந்ததுதான். அந்த நான்கடி உயரம் அதை மறைத்திருந்தது. சொந்தபந்தத்தின் முன் சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் தவிக்கும் மாமனை நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

ஓமலூர்ப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே பெஞ்சுதான் அரியணை. நாடக இயக்குநர் அல்காசி 1963இல் 'அந்தா யுக்' என்ற இந்தி நாடகத்தை டெல்லி பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளில் நிகழ்த்தியபோது, பாரதப் போரின் கடைசி நாள் அழிவைப் பாதி அந்தக் கற்களே சொல்லியிருக்கும். 1970இல் ஆங்கில இயக்குநர் பீட்டர் புரூக், பெரும்பாலும் காட்டில் நடக்கும் ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீ'முக்குக் காடே வேண்டாமென்று சாலி ஜேக்கப்ஸ் வடிவமைத்த வெள்ளைப் பெட்டிக்குள் நடிகர்களை ஊஞ்சலில் தொங்கவிட்டார். மாயம் மரங்களிலிருந்து நடிகர்களின் உடலுக்கு மாறியது.

இல்லாமையே கலை என்று நான் சொல்லவில்லை. எங்கள் மண்டபத்தில் பின்வரிசைக்காரர்களுக்கு ஆன்டிகனியின் முகமே தெரியவில்லை. இரண்டு பேர் எழுந்துபோனார்கள். அடுத்த நாடகத்துக்கு முதல் நாள் வாசிப்பிலேயே தரையில் சாக்கட்டியால் மேடையை வரைந்துவிட்டோம். பின்வரிசையை எங்கே வரைவது என்பதில்தான் இன்னும் சண்டை.