தவிட்டுக்கு வாங்கின பேத்தி

(செங்கோட்டை அங்கன்வாடி வாசல்)

தாத்தா: டீச்சர், பிள்ளையள தவிடு கொண்டாரச் சொன்னியளா? மாட்டுக்கு வாங்கி வச்ச மூட்டை நாளுக்கு நாள் தாழுது.

டீச்சர்: நான் எதுக்கு அண்ணாச்சி தவிடு கேக்கப் போறேன்?

தாத்தா: சத்துமாவுல கலக்குதியளோ என்னமோ.

டீச்சர்: அது பாக்கெட்டுல ஒட்டியே வருது. உங்க பேத்திதான் டிபன் டப்பாவுல தவிட்டக் கொண்டாந்து வாளியில சேக்கா. எதுக்குட்டின்னு கேட்டேன். "தாத்தா என்னைய தவிட்டுக்குத்தான் வாங்கினாவளாம். தம்பி வந்ததும் வித்துப்போட்டாவன்னா நானே என்னைய வாங்கிக்கிடுவேன்"ங்கா.

தாத்தா: அடி கெட்டிக்காரி! அது வெளையாட்டுக்குச் சொல்லுதது டீச்சர். எங்கய்யாவும் என்னைய அப்படித்தான் சொன்னாவ.

டீச்சர்: நீங்க எவ்வளவு தவிடு சேத்திய?

தாத்தா: ...

டீச்சர்: இந்தச் செங்கோட்டையே 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடதான் இருந்துச்சு. அதையும் தவிட்டுக்கு வாங்குனதுன்னு ஒருத்தன் சொன்னா விடுவியளா?

தாத்தா: அதெப்படி! போராட்டம் நடத்தியில்லா வாங்குனது!

டீச்சர்: ஊருக்குன்னா போராட்டம், பிள்ளைக்குன்னா தவிடு. ஆமா, தம்பின்னு யாரு சொன்னா?

தாத்தா: மருமவ வயிறு கூம்பிப்போய் இருக்கே, பாத்தாலே தெரியுது.

டீச்சர்: ஸ்கேன்ல பாத்துச் சொன்னா டாக்டருக்கே ஜெயிலுன்னு 1994-லயே சட்டம் போட்டாச்சு. வயித்தப் பாத்துச் சொல்லுத தாத்தாமாருக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சே. அண்ணாச்சி, தம்பி தம்பின்னு அடிச்சுச் சொல்லிட்டு பொட்டப்பிள்ளை பிறந்தா, உங்க மூஞ்சி மாறுததைப் பாத்துட்டு நிக்கப் போறது யாரு? இன்னொரு பொட்டப்பிள்ளை. "பாப்பா வருது"ன்னு மட்டும் சொல்லுங்க.

தாத்தா: சரி, பாப்பா. கூட வெளையாட ஆளு வருதுன்னு சொல்லலாம்லா?

டீச்சர்: அதுவும் வேண்டாம். பொறந்தது நாள்ல முக்காவாசி தூங்கும், மிச்சத்துக்கு அழும். இவ பந்த எடுத்துட்டுப் போய் நிப்பா. "அழும், தூங்கும், பால் குடிக்கும், ஒண்ணும் தெரியாது"ன்னே சொல்லிருங்க.

தாத்தா: எப்ப வரும்னு தெனமும் கேக்காளே. ரெண்டு மாசம்னு சொன்னேன். மறுநாக் காலையில "வந்துட்டா?"ங்கா.

டீச்சர்: மூணு வயசுக்கு மாசம் என்ன தெரியும்? சபரிமலைக்குப் போற சாமிமார் வண்டி ரோட்டுல ஓடுதுல்லா, அது ஓய்ஞ்சப்புறம்னு சொல்லுங்க. தெனமும் பாக்கா, புரியும். ராத்திரி எங்க படுக்கா?

தாத்தா: அம்மாகிட்டதான். பாப்பா வார அன்னைக்கு எங்கிட்ட மாத்திருவோம்.

டீச்சர்: அன்னைக்கு மாத்தினா இடத்தப் பிடுங்குனது பாப்பாதான்னு நினைப்பா. மாத்தணும்னா இந்த வாரமே மாத்துங்க. விட்டுப்போச்சுன்னா, பாப்பா வந்து ரெண்டு மூணு மாசம் ஆகட்டும். கக்கூஸ் பழக்குதது, பால் பாட்டில நிறுத்துதது எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

தாத்தா: மருமவ பேறுகாலத்துக்கு புனலூருக்குப் போறா. பிள்ளை தூங்கையில நைசா அனுப்பிருவோம்.

டீச்சர்: அப்படி அனுப்புனா, அப்புறம் அவ தூங்கவே மாட்டா. முழிச்சிருக்கையில "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறா, உனக்குச் சோறு ஆச்சி தருவா, படுக்கை தாத்தாகிட்ட"ன்னு சொல்லிட்டுக் கிளம்பச் சொல்லுங்க. அழுவா, அழட்டும். திரும்பி வரும்போது பாப்பா வேற யாரு கையிலயாவது இருக்கணும். மருமவ ரெண்டு கையும் மூத்தவளுக்குக் காலியா இருக்கணும்.

தாத்தா: ஓடியாந்து தூக்கச் சொல்லுவாளே!

டீச்சர்: சிசேரியன்னா தூக்கக் கூடாது. உக்காந்துட்டு பக்கத்துல சேத்து அணைச்சாப் போதும். அப்புறம், பாப்பா முகத்தத் தொட வேண்டாம், கையக் கழுவிட்டுக் காலத் தொடட்டும். உச்சிக்குழி மூட ஒண்ணரை வயசு ஆயிரும். மடியில குடுத்தா தலகாணி வச்சு, பக்கத்துல ஆளு இருந்து குடுங்க. ரெண்டையும் தனியா விட்டுட்டு மாட்டப் பாக்கப் போயிராதிய.

தாத்தா: மாட்டுக்குத்தான் தவிடே இல்லியே.

டீச்சர்: பாப்பா பால் குடிக்கையிலதான் வம்பு. அம்மா எந்திரிக்க முடியாதுன்னு தெரிஞ்சேதான் அரிசி டின்னைக் கவுப்பா. ஒரு டப்பாவுல கிரேயான், படப் புஸ்தகம், கொஞ்சம் அவல் போட்டு வைங்க. பால் குடுக்கிற நேரம் மட்டும் திறக்கணும். மத்த நேரம் குடுத்தா ரெண்டே நாள்ல சலிச்சுரும்.

தாத்தா: இவ்வளவும் செஞ்சா ஒழுங்கா இருப்பாளா?

டீச்சர்: இருக்க மாட்டா. பாயில மோளுவா, மழலை பேசுவா, பாட்டில் கேப்பா. துணிய மாத்திட்டுப் பேசாம இருங்க, கொஞ்ச வாரத்துல தானா நிக்கும். "வெக்கமா இல்லியா, நீ பெரிய பிள்ளை"ன்னு வஞ்சா இன்னும் இழுக்கும். தெனமும் கால் மணி நேரம் அம்மாவோ அப்பாவோ இவகூட மட்டும் இருக்கணும். அந்த நேரத்துல பாப்பா பேச்சே கூடாது.

தாத்தா: பாக்க வாரவிய?

டீச்சர்: "இனி உனக்கு மவுசு போச்சு"ன்னு சொல்ல வாயத் திறக்கிறவிய யாரா இருந்தாலும் வாசலோட அனுப்பிருங்க.

தாத்தா: அது தென்காசியில இருக்க என் தங்கச்சி டீச்சர். வாரப்பல்லாம் அதத்தான் சொல்லுவா.

டீச்சர்: அப்ப நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அவியள இங்க அனுப்புங்க.

தாத்தா: அவளுக்கு அறுபது வயசாவுது!

டீச்சர்: இருக்கட்டும். பாய் போட்டு உக்கார வைக்கேன். மதியம் முட்டையும் உண்டு.