படம் எடுத்துக்கொண்டு வீசிவிடு என்று சொன்ன அண்ணனுக்கு

மறைந்த அம்மாவின் தகரப் பெட்டியைப் படமெடுத்து ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே போட்ட பதிவின் கீழே நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அதை மறுபடி முழுக்கச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "ஒரு படம் எடுத்து வைத்துக்கொள், பெட்டியை வீசிவிடு, நினைவு மனதில்தான் இருக்கிறது" என்று எழுதியவர் எனக்கு அண்ணன் முறை. பெயர் சொல்லப் போவதில்லை. அதற்கு விழுந்த இதயக் குறிகளையும் பார்த்தேன். அவற்றில் சில, அம்மா இருந்தபோது எங்கள் வீட்டுக்கு உரிமையோடு வந்து போனவர்களுடையவை. அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன். கோபத்தில் எழுத வேண்டாம் என்று தள்ளிவைத்தேன். கோபம் ஆறுவதாகத் தெரியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒருவர் போன பிறகு அவருடைய சாமான்களைப் பிரிக்க உட்காருகிறவர்கள், ஒரு பொருள் என்ன, யாருடையது, ஏன் அது இத்தனை காலம் அந்த வீட்டில் இருந்தது என்று தெரிந்துகொள்ளும் முன் அதை வெளியே போடக் கூடாது. தெரிந்துகொண்ட பிறகு போடுங்கள், கொடுங்கள், விற்றுக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. கேட்காமல் போடாதீர்கள் என்கிறேன். அன்றும் இதைத்தான் எழுதினேன். படித்தவர்களில் பாதிப் பேர், எதையுமே தூக்கிப் போடக் கூடாது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு எனக்குப் புத்தி சொல்லக் கிளம்பிவிட்டார்கள்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. பொத்தான்கள், ஒரு பக்கக் கம்பி உடைந்து நூலால் கட்டிவைத்த மூக்குக் கண்ணாடி, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி, ஊசி குத்தாமல் இருக்க அம்மா தைக்கும்போது நடுவிரலில் மாட்டிக்கொள்ளும் உலோக உறை. படத்தில் அந்த உறை வெறும் மங்கலான வளையமாகத்தான் தெரிகிறது. கையில் எடுத்துப் பாருங்கள். ஊசியின் பின்முனை வழுக்கிவிடாமல் இருக்க அதன் மேலெங்கும் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். அம்மாவின் உறையில் ஒரு பக்கத்துக் குழிகள் மட்டும் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டன. அதே இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் தெரியும். அம்மா ஊசியை விரல் நுனியால் தள்ளவில்லை, விரலின் இடது ஓரத்தால் தள்ளியிருக்கிறார். வருடக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் நான் அறியாத ஒன்றை இந்த உறை எனக்குக் காட்டியது. அதை மாட்டிக்கொண்டு ஊசியைத் தள்ளிப் பார்த்தேன். தேய்ந்த பக்கத்தில் ஊசி நிற்காமல் வழுக்குகிறது. அப்படியானால் கடைசிக் காலத்தில் அம்மாவுக்கும் வழுக்கியிருக்கும். வேறொன்று வாங்கித் தரச் சொல்லி அவர் யாரிடமும் கேட்டதில்லை.

இதெல்லாம் எந்தப் படத்தில் விழும், சொல்லுங்கள்.

நினைவு மனதில்தான் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது, யார் மறுத்தார்கள்? ஆனால் மனது கேட்டதையெல்லாம் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. அதற்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். படம் எடுத்துவிட்டால் அந்தப் பிடி கிடைத்துவிடும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். லிண்டா ஹெங்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓர் அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்தவர்களிடம் சில பொருள்களை வெறுமனே பார்க்கவும், சிலவற்றைப் படமெடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருள்கள்தான் அவர்களுக்குக் குறைவாக நினைவிருந்தன. அவற்றின் நுணுக்கங்களும் குறைவாகவே நினைவிருந்தன. பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நெருங்கி எடுக்க வேண்டுமானால் முதலில் பார்த்தாக வேண்டும். அலமாரியைத் திறந்து, வரிசையாகப் பத்துப் படம் தட்டிவிட்டு, மூட்டை கட்டுகிறவர் எதைப் பார்த்தார்?

உடனே இன்னோர் ஆய்வை எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். 2017-இல் வந்தது. பென் ஸ்டேட் பல்கலைக்கழக விடுதிகளில், நினைவுப் பொருள்களைப் படமெடுத்துக்கொண்டு தானமாகக் கொடுங்கள் என்று அறிவித்த இடங்களில் மாணவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். நல்ல விஷயம். அந்த ஆய்வோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர்கள் கொடுத்தது அவரவர் சொந்தப் பொருளை. அதன் கதை அவர்களுக்கே தெரியும். படத்தைப் பார்த்தால் கதை திரும்பி வரும். என் கையில் இருப்பது என் அம்மாவின் பொருள், அதிலும் சில அவருடைய அம்மாவின் பொருள். அந்தச் சாவியைப் படமெடுத்து வைத்தால் எனக்கு என்ன திரும்பி வரும்? எதைத் திறந்த சாவி என்று இன்று தெரியவில்லை, நாளைக்கும் தெரியாது. சாவி கையில் இருந்தால், என்றைக்காவது ஒரு வீட்டில் ஒரு பழைய பெட்டியைப் பார்க்கும்போது போட்டாவது பார்க்கலாம்.

பொருளையும் அதன் கதையையும் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஒரு சாட்சி இருக்கிறது. தாமஸ் கோரம் என்பவர் 1739-இல் அங்கே ஓர் இல்லத்தை நிறுவினார். வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் 1741 முதல் தங்கள் கைக்குழந்தைகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். என்றாவது திரும்பி வந்தால் பிள்ளையை அடையாளம் காட்ட ஏதாவது வேண்டுமே. ஒரு துணித் துண்டையோ சிறு பொருளையோ குழந்தையின் பதிவுத் தாளோடு சேர்த்து வைத்தார்கள். பொத்தான், தேய்ந்த காசு, கொட்டை ஒன்றின் ஓடு. வெறும் ஓடு! 1741-க்கும் 1760-க்கும் இடையில் சேர்ந்த 16,282 குழந்தைகளில் 152 பேரைத்தான் பெற்றவர்கள் திரும்பி வந்து அழைத்துப் போனார்கள். மற்ற அடையாளங்கள் தாளோடு தாளாக அங்கேயே தங்கின. 1860-களில், பொதுமக்கள் பார்க்கட்டும் என்று அந்தச் சிறு பொருள்கள் பலவற்றைத் தாள்களிலிருந்து எடுத்துக் காட்சிக்கு வைத்தார்கள். எது எந்தக் குழந்தையுடையது என்ற தொடர்பு அதோடு அறுந்துபோயிற்று. அதை மீண்டும் பொருத்துவதற்கு ஆய்வாளர்கள் நம் காலத்தில் பழைய பதிவேடுகளில் தேடித் தேடி உழைத்திருக்கிறார்கள். பிரித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அண்ணனும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று எனக்கு அன்றிலிருந்து விளக்கிக்கொண்டிருக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வீட்டில் இடம் இல்லை என்பவர்களுக்கு: இது ஒரு தகரப் பெட்டி. என் மடியில் அடங்கும்.

"இது ஒரு வியாதி, மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று ஒருவர் எழுதியதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். எதையும் கழிக்க முடியாமல் சேர்த்துக்கொண்டே போவது உண்மையிலேயே ஒரு நோய்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் அதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியது. பொருளுக்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டாக இராமல் எதையுமே விட முடியாத தவிப்பு, அறைகளைப் புழங்க முடியாத அளவுக்குச் சேர்ந்துபோன குவியல், அதனால் வாழ்க்கையே முடங்குவது, இவையெல்லாம் சேர்ந்தால்தான் அது அந்த நோய். அதில் சிக்கித் தவிப்பவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் படுகிற பாட்டை, இறந்துபோன அம்மாவின் பொத்தான்களைப் பார்த்து அழுகிற ஒருத்தியை மட்டம் தட்டுவதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மாவின் துணிகளில் பெரும்பகுதியை நான்தான் மடித்துக் கொடுத்தேன். பாத்திரங்களைக் கொடுத்தேன். கட்டிலைக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் கொடுக்கும் முன் அம்மாவின் தோழி ஒருவரை உட்காரவைத்துக் கேட்டேன், கேட்டதை எழுதிவைத்தேன். அதற்குக் கூடுதலாகச் சில நாள்கள் ஆயின. அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களுக்கு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் போனபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பெரியவர்கள், அம்மா பார்த்துப் பார்த்து அழக் கூடாது என்று ஒரே நாளில் அவருடைய மேசையைக் காலி செய்துவிட்டார்கள். ஓர் அடுக்கு நோட்டுகள் போயின. அவற்றில் என்ன எழுதியிருந்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வீட்டுக் கணக்காக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அம்மா பல வருடம் கழித்துக்கூட எதையோ சொல்ல வந்து, "அந்த நோட்டில் இருந்திருக்கும்" என்று நிறுத்திக்கொள்வார். என் பள்ளிப் பையில் கிடந்ததால் அவருடைய மையூற்றுப் பேனா மட்டும் தப்பியது. பழைய பேனாவின் முள் எழுதுகிறவருடைய கைச் சாய்வுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும் என்பது பேனா பிரியர்களுக்குத் தெரியும். அப்பாவின் பேனாவை நான் என் வழக்கப்படி பிடித்தால் தாளைக் கீறுகிறது. கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பினால் சட்டென்று வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அவர் எழுதியது ஒரு வரிகூட என்னிடம் இல்லை. அவர் பேனாவை எப்படிப் பிடித்தார் என்பது மட்டும் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், இதையும் படம் எடுத்துக்கொண்டு வீசிவிடட்டுமா?

நினைவு மனதில் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் பத்திரங்களுக்கு மட்டும் ஏன் அப்படிச் சொல்வதில்லை? காரியமெல்லாம் முடிந்த மறுநாள், வீட்டுப் பத்திரமும் வங்கிக் காகிதங்களும் நெகிழி உறையில் போட்டுப் பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டன. ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்க்கவும், இது என்ன, யார் பெயரில் இருக்கிறது என்று என்னிடம் கேட்கவும் அண்ணனுக்குப் பொறுமை இருந்தது. அதே அலமாரியில் கீழ்த்தட்டில் இருந்த பெட்டிக்கு ஒரு கேள்விகூட இல்லை. பத்திரத்தை யாரும் படம் எடுத்துக்கொண்டு வீசவில்லை. தவறென்று சொல்ல வரவில்லை, பத்திரம் வேண்டும்தான். கேட்கத் தெரியாதவர் இல்லையே நீங்கள் என்றுதான் சொல்கிறேன். கேட்டிருக்கலாமே அண்ணா.

இதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன். கடைசி மாதங்களில் அம்மாவின் அந்தக் கண்ணாடியில் நூல் கட்டியது நான். புதியது வாங்கலாம் என்றால், இனி எனக்கு எதற்கு என்பார். இரவில் அவர் எழுந்தால் முதலில் கை தேடுவது அந்தக் கண்ணாடியை. இருட்டில் அது எங்கே இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். இரண்டு நாள் வந்து தங்கியவர்களுக்கு அது உடைந்த கண்ணாடி. அவர்கள்மேல் தப்பில்லை, அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவர்கள் தெரிந்தவளிடம் கேட்க வேண்டும். கூட இருந்து பார்த்துக்கொண்டவள் "இதை இப்போது தொட வேண்டாம்" என்றால் கொஞ்ச நாள் தொடாமல் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய ஞானம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் கூட இருந்தவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருப்பார். பிரிக்கும் நாளில் அவரைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் அலமாரியைத் திறப்பார்கள்.

வேகம் வேகம் என்று பறக்கிறீர்களே, உண்மையில் அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. தகரம் காத்திருக்கும். கதை தெரிந்த மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வாரமே பழைய புகைப்படங்களோடு பக்கத்தில் உட்காருங்கள். படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரை எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். ரப்பர் பட்டை போட்டுக் கட்டாதீர்கள், அதிலிருக்கும் கந்தகம் படத்தின் வெள்ளியைக் கெடுக்கும். பசை தடவிய அட்டையும் மேலே நெகிழித் தாளும் உள்ள ஆல்பங்களில் இருந்து, படம் கிழியாமல் வருமானால், இப்போதே எடுத்துவிடுங்கள். நாள் ஆக ஆக அந்தப் பசை விடாது. கறுப்பு வெள்ளைப் படங்கள் தாக்குப்பிடிக்கும். பழைய வண்ணப் படங்களின் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கும். அவற்றைத்தான் முதலில் படமெடுத்து வைக்க வேண்டும். ஆமாம், நானும் படமெடுக்கத்தான் சொல்கிறேன். வீசுவதற்காக எடுக்காதீர்கள்.

அம்மாவின் பெட்டியில் பொத்தான்களுக்கு அடியில் ஒரு சிறு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. பதினாறு பதினேழு வயதில் அம்மா, பக்கத்தில் அதே வயதில் இன்னொரு பெண். இருவருடைய சட்டையிலும் ஒரே மாதிரிப் பெரிய பொத்தான்கள். அந்தப் பொத்தான்களில் இரண்டு பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. அந்தப் பெண் யாரென்று அம்மாவின் தோழிக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடியவர் இனி பெரியம்மா ஒருவர்தான். அவருக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது, கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது. இந்தச் சனிக்கிழமை படத்தையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறேன். அண்ணா, அவர் உங்களுக்கும் பெரியம்மாதான். வருவதாக இருந்தால் காலையிலேயே வந்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் அவர் தூங்கிவிடுவார்.