மழையைத் துடைத்துவிட்டு 'மீட்டெடுத்த பதிப்பு' என்கிறார்கள்

மூன்று வாரமாக வயிறு எரிகிறது. எழுதித் தீர்க்காவிட்டால் அடங்காது போலிருக்கிறது.

சின்ன வயதில் நானும் அக்காவும் ஒரு கார்ட்டூன் படத்தை வீடியோ கேசட் தேயத் தேயப் பார்த்தோம். படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் படத்தின் பக்கம் போய்விடும். பிரச்சினை அதைவிடப் பெரியது. அதில் ஒரு மழை ராத்திரி வரும். திரை முழுக்க அடர்ந்த கருநீலம். தூரத்தில் ஒரே ஒரு விளக்கு. அந்த வெளிச்ச வட்டத்துக்குள் மட்டும் மழைக்கோடுகள் தெரியும், மற்ற இடமெல்லாம் மழை வெறும் சத்தமாகத்தான் இருக்கும். வழிதவறிய நாய்க்குட்டி ஒன்று அந்த வெளிச்சத்தை நோக்கி நடந்துவரும். அந்த இடத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வாள். முடிந்ததும் ரீவைண்ட் செய்து மறுபடியும் அதையே பார்ப்போம்.

அந்தப் படம் இப்போது ஓடிடியில் வந்திருக்கிறது. 'முழுமையாக மீட்டெடுக்கப்பட்ட பதிப்பு' என்று போட்டிருந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் வீட்டில் அவளும் என் வீட்டில் நானும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே பார்த்தோம். மழை ராத்திரி வந்தது. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவள்தான் கேட்டாள்: "டேய், மழை எங்கடா?"

மழையைக் காணோம். காதில் மழை கொட்டுகிறது, கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நாய்க்குட்டி காய்ந்த தெருவில் நடந்துவருகிறது. கருநீலம் போய் ஒருமாதிரி சாம்பல் பச்சை. பின்னால் இருட்டில் புதைந்திருந்த வேலியும் மரப்பெட்டிகளும் பட்டப்பகல் போல் பளிச்சென்று தெரிகின்றன. இருட்டாக இருக்கட்டும் என்று ஒரு ஓவியர் உட்கார்ந்து யோசித்து வரைந்த இருட்டு அது. அதில் வெளிச்சத்தைக் கூட்டிவைக்க இவர்கள் யார்?

மழை எப்படிக் காணாமல் போகும் என்று தேடிப் படித்தேன். பழைய பிலிமில் தூசியும் கீறலும் இருக்கும். ஒவ்வொரு பிரேமாகக் கையால் துடைத்தால் மாதக்கணக்கில் ஆகும் என்று மென்பொருளிடம் விடுகிறார்கள். அது ஒரு பிரேமை அதற்கு முன்னால் இருப்பதோடும் பின்னால் இருப்பதோடும் ஒப்பிடுகிறது. ஒரே பிரேமில் மட்டும் தோன்றி மறையும் புள்ளியோ கோடோ இருந்தால் அது அழுக்கு என்று முடிவு செய்து அழிக்கிறது. மழைத்துளி ஒரே பிரேமில்தானே தோன்றி மறையும்? தீப்பொறியும் அப்படித்தான். பனித்தூறலும் அப்படித்தான். மென்பொருளுக்கு அது தெரியாது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெளியிடுவதற்கு முன் ஒரு மனிதர், ஒரே ஒரு மனிதர், படத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டாமா? மழைச் சத்தம் கேட்கிறதே, மழை எங்கே என்று அவருக்குத் தோன்றியிருக்காதா?

அதோடு நிற்கவில்லை. படம் 4:3 சட்டத்தில், அதாவது அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்ற அளவில் எடுக்கப்பட்டது. இன்றைய அகலமான டிவியை நிரப்ப வேண்டும் என்று மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டார்கள். 4:3 படத்தை அந்த டிவியின் 16:9 அளவுக்கு ஆக்கினால் கால்வாசிப் படம் போய்விடும். கால்வாசி! நாய்க்குட்டியின் காதுகள் பாதிக் காட்சிகளில் இல்லை. கடைசியில் பெயர்கள் ஓடும்போது வரும் பாட்டும் வேறு. பாட்டின் உரிமம் முடிந்திருக்கும், புதுப்பிக்க மனமில்லாமல் ஏதோ ஒரு பின்னணி இசையை ஒட்டியிருப்பார்கள். இதையெல்லாம் செய்துவிட்டு அதே பெயர், அதே வருடம், அதே போஸ்டர். எது மாறியிருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. இதை மோசடி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இது என் ஒரு படத்தின் கதை மட்டும் இல்லை. 1988இல் ஹாலிவுட் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் போய்ப் பேசினார். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. லாபத்துக்காகவோ அதிகாரத்தைக் காட்டவோ கலைப்படைப்பை மாற்றுகிறவர்கள் காட்டுமிராண்டிகள் என்றார். நூற்றுக்கு நூறு சரி. ஆனால் 1997இல் அவரே தன்னுடைய 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் புது உருவங்களையும் புதுக் காட்சிகளையும் சேர்த்து 'சிறப்புப் பதிப்பு' என்று வெளியிட்டார். சரி, அவர் படம், மாற்றட்டும். பழையதையும் பக்கத்தில் வைத்திருக்கலாமே! வைக்கவில்லை. 2006இல் பழைய வடிவத்தை டிவிடியில் கொடுத்தார்கள், அதுவும் கூடுதல் டிஸ்க்காக, டிவிடிக்கு முந்தைய லேசர்டிஸ்க்குக்காக 1993இல் தயாரித்த மூலப் பிரதியில் இருந்து. அதற்குமேல் பொறுக்க முடியாமல் ரசிகர்களே பழைய 35 எம்எம் பிரிண்டுகளைத் தேடிப்பிடித்து, சொந்தச் செலவில் பிரேம் பிரேமாக ஸ்கேன் செய்தார்கள். 1977இல் கோடிக்கணக்கான பேர் தியேட்டரில் பார்த்த படம் அது. 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட் அந்தக் காலத்துப் பிரிண்ட் ஒன்றைத் திரையிட்டதே உலகச் செய்தி ஆனது. உலகத்துக்கே தெரிந்த படத்துக்கு இந்தக் கதி என்றால், எங்கள் நாய்க்குட்டிப் படத்துக்காக யார் வரப்போகிறார்கள்?

இயக்குநர் ஸ்பீல்பெர்க்கும் இதைச் செய்தவர்தான். 1982இல் வந்த 'ஈ.டி.' படத்தில் காவலர்கள் கையில் துப்பாக்கி இருக்கும். 2002 பதிப்பில் அதை அழித்து வாக்கிடாக்கியை வரைந்து வைத்தார்கள். ஆனால் தான் செய்தது தவறு என்று அவர் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார், 2012இல் வந்த புளூரே டிஸ்க்கில் பழைய படத்தையே திருப்பிக் கொடுத்தார். அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். 'சிண்ட்ரெல்லா'வின் 2012 புளூரேயில் கிரெயினை, அதாவது பிலிமில் இயல்பாகவே இருக்கும் பொடிப்புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று உடையின் மெல்லிய கோடுகளையும் சேர்த்துத் துடைத்தார்கள். அந்தக் கோடுகள் 2023இன் 4கே பதிப்பில்தான் திரும்பி வந்தன. பதினோரு வருடம்! இடையில் வளர்ந்த குழந்தைகள் மெழுகுப் பொம்மையைப் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள்.

வண்ணத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. 1995இல் 'டாய் ஸ்டோரி' கணினியில் உருவானது, ஆனால் தியேட்டரில் ஓடியது 35 எம்எம் பிலிமில். பிலிமுக்குப் போகும்போது நிறங்கள் மாறும். அந்த மாற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் நிறங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னால் வந்த டிஸ்க்குகளில் பிலிமைத் தொடாமல் கணினிக் கோப்பையே நேராக ஏற்றினார்கள். தியேட்டரில் பார்த்தவர்கள் 'நான் பார்த்த நிறம் இது இல்லையே' என்றால் அது நினைவுப் பிசகு இல்லை. அவர்கள் பார்த்தது நிஜமாகவே வேறு நிறம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் பழைய கேசட் அக்கா வீட்டுப் பரணில் இருந்தது. அதை டிஜிட்டலாக மாற்றிவிடலாம் என்று இதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். திரும்பி வந்த கோப்பைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. 4:3 படத்தை இழுத்து அகலமாக்கியிருந்தார். வீடியோவில் ஒவ்வொரு பிரேமும் ஒற்றைவரி, இரட்டைவரி என்று இரண்டு பாதிகளாகப் பதிவாகியிருக்கும். அதில் ஒரு பாதியை அப்படியே தூக்கிப் போட்டிருந்தார். மேலே செயற்கை நுண்ணறிவு வைத்துக் 'கூர்மை' வேறு ஏற்றியிருந்தார். நாய்க்குட்டியின் ரோமம் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. ஏன் இப்படி என்று கேட்டால், "நல்லாத்தானே சார் இருக்கு, எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க" என்கிறார். நான் அப்படிக் கேட்கவே இல்லை. 'எதையும் தொடாதீர்கள், இருப்பது இருக்கிறபடி வேண்டும்' என்று காகிதத்தில் எழுதிக் கேசட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன்.

அதனால் நானே இறங்கினேன். வீடியோ கேசட்டை ஓட்டும் பழைய டெக் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். உலகத்தில் கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. புதுசாக ஒன்று எங்கும் வாங்க முடியாது. இருப்பதெல்லாம் ரப்பர் இளகி, பெல்ட் தொளதொளத்துப் போன பழசுகள்தான். நாடாவில் படம் பதிந்திருக்கும் ஒரு தடம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலம்தான். நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும் உருளையில் இருக்கும், படத்தைப் படிக்கும் ஹெட் அந்தத் தடத்தைத் தவறாமல் பிடிக்க வேண்டும். ஹெட்டில் துளி அழுக்கு இருந்தாலும் படம் முழுக்கப் புள்ளி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல் துணியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, உருளையைத்தான் விரலால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். முதல் தடவை செய்தபோது மூச்சை அடக்கிக்கொண்டு செய்தேன்.

டெக் ஓடியது. படம் வந்தது. ஆனால் சில விநாடிகளுக்கு ஒருமுறை திரை மங்குகிறது, பளிச்சிடுகிறது, மறுபடி மங்குகிறது. மேக்ரோவிஷன். கண்ணுக்குத் தெரியாத வரிகளில் பொய்த் துடிப்புகளைப் புகுத்தி, நகலெடுக்கும் கருவியைக் குழப்பும் பூட்டு. எங்கள் அப்பா காசு கொடுத்து வாங்கிய அசல் கேசட் இது. விற்ற படத்தையும் இன்று மாற்றிவிட்டார்கள், மாறாத படம் இருக்கும் கேசட்டுக்கும் பூட்டு. அப்புறம் நான் எதைத்தான் பார்ப்பது? வீடியோ சிக்னலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி ஒன்றை இரவல் வாங்கி நடுவில் இணைத்த பிறகுதான் படம் நிலைத்தது. நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ இணைப்பு வழியாக எடுத்து, எதுவும் இழக்காத வடிவத்தில் சேமித்தேன். மணிக்கு 30 ஜிபி போல விழுங்குகிறது. விழுங்கட்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கேசட்டும் அசல் இல்லை. கிடைமட்டத்தில் 240 கோடு அளவுக்குத்தான் தெளிவு. விநாடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தைப் நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறைக் கேசட்டில் 25ஆக ஓட்டியிருக்கிறார்கள். அதனால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், குரல்களும் ஒரு இழை உயர்ந்து கேட்கும். என் மனதில் இருக்கும் நாய்க்குட்டியின் குரல் அந்த உயர்ந்த குரல்தான். நிஜமான அசல் ஏதோ ஒரு குளிரூட்டிய கிடங்கில் நெகட்டிவாக இருக்கிறது, அதன் சாவி உரிமைக்காரர்களிடம் இருக்கிறது. அவர்கள் மனம் வைத்தால் ஒரே வாரத்தில் தொடாத ஸ்கேன் ஒன்றைக் கொடுத்துவிடலாம். புதுப்பதிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள், பழையதையும் கூடவே கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதுவும் முடியாதென்றால் எதை வெட்டினோம், எதை மாற்றினோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். பிஸ்கட் பாக்கெட்டில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுகிறார்கள்.

காந்த நாடாக்கள் காத்திருக்காது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே 'கெடு 2025' என்று எச்சரித்தது. அதற்குள் டிஜிட்டலாக்காத நாடாக்களில் பெரும்பகுதி கைவிட்டுப் போகலாம் என்றது. அந்தக் கெடுவும் தாண்டிவிட்டது.

எங்கள் கேசட்டில் முக்கால்வாசிப் படம் நன்றாகவே வந்தது. மழை ராத்திரி வந்ததும் திரை கிழிந்ததுபோல் வெள்ளைக்கோடுகள், குரல் முங்கி முங்கி எழுகிறது. நாடாவை வெளியே எடுத்துப் பார்த்தேன். சரியாக அந்த இடத்தில் ஓரம் கசங்கி அலையலையாக இருக்கிறது. வேறு யாரும் கெடுக்கவில்லை. நானும் அக்காவும் நிறுத்தி, ரீவைண்ட் செய்து, நிறுத்தி, மறுபடி ஓட்டிய இடம் அது. நாற்பது விநாடி.

அந்த நாற்பது விநாடிக்காக வேறு கேசட் தேடிக்கொண்டிருக்கிறேன். 'ஒரிஜினல், முதல் பதிப்பு' என்று படம் போட்டு விற்ற ஒருவர் அட்டையை மட்டும் பழையதாக வைத்து உள்ளே பின்னால் வந்த பதிப்பைப் போட்டு அனுப்பினார். இன்னொருவர் அனுப்பியது, டிவியில் ஓடியபோது யாரோ பதிவு செய்தது. நாடாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பெட்டியின் பின்பக்கம் போட்டிருக்கும் நிமிடக் கணக்கைச் சொல்லுங்கள் என்று கேட்டால் பதிலே வராது.

நேற்று மூன்றாவது கேசட் வந்தது. சீட்டு சரி, நிமிடமும் சரி. மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தேன். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் டெக்கும் கெடும், நாடாவும் போகும். முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, கையால் சுற்றிச் சுற்றி, அங்குலம் அங்குலமாகத் துடைக்க வேண்டும். அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறாள். அவள் சுற்றுவாள், நான் துடைப்பேன்.