டுரியானுக்கு ஒரு நியாயம், பதக்கத்துக்கு ஒரு நியாயமா?

1,280 வெள்ளி (ரிங்கிட்). கழுத்தில் தொங்கும் ஒரு கறுப்பு வட்டத்துக்கு 1,280 வெள்ளி! மூன்று நாளாகியும் வயிறு எரிகிறது.

சரி, முதலில் டுரியான். ஞாயிறு காலை மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் மாமாவோடு நின்றேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமா இருப்பார். சாலையோரக் கடையில் கம்பத்து டுரியான் குவிந்திருந்தது. மாமா ஒரு பழத்தை எடுத்தார். காம்பை நகத்தால் சுரண்டினார். அடியை மோந்தார். காதோரம் வைத்து ஆட்டினார். கீழே வைத்தார். அடுத்த பழம். மறுபடி சுரண்டல், மோப்பம், ஆட்டல். பதினொரு பழம்! நான் எண்ணினேன், வேறு வேலை இல்லை. "நல்ல பழம்தான்" என்ற கடைக்காரரிடம் "வெட்டிக் காட்டு" என்றார். அவர் முக்கோணமாகக் கீறிக் காட்ட, உள்ளே விரலை விட்டுச் சுளையை அமுக்கிப் பார்த்த பிறகுதான் பர்ஸ் வெளியே வந்தது. 26 வெள்ளி. சீசனில் டுரியான் இனிக்கும் என்ற சாதாரணச் சேதிக்கு இத்தனை விசாரணை.

இருபதடி தள்ளி ஒட்டுக்கடை. தே தாரிக் வருவதற்குள் டை கட்டிய ஒருவர் எதிரே உட்கார்ந்துவிட்டார். "எரிமலைக் கல் பதக்கம், அண்ணே. நாப்பது நாள் போடுங்க, இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, போயிடும். 5ஜி கதிரையும் தடுக்கும்." மாமாவின் கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டில் அழுத்தினார். கை இறங்கியது. பதக்கத்தை மாட்டிவிட்டு மறுபடி அழுத்தினார், இந்தத் தடவை முழங்கைக்குப் பக்கத்தில். கை இறங்கவில்லை. தோளுக்குக் கிட்டே அழுத்தினால் எப்படி இறங்கும்? மாமா முப்பது வருடம் நீளக் கம்பில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலை வெட்டியவர். கம்பில் எந்த இடத்தைப் பிடித்தால் எவ்வளவு கனம் என்று அந்தக் கைக்குத் தெரியாதா?

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அண்ணே, ஒரு பையில பதக்கம், ஒரு பையில கூழாங்கல். எது எதுலன்னு உங்களுக்கும் தெரியக்கூடாது, மாமாவுக்கும் தெரியக்கூடாது. ஒரே இடத்துல பத்துத் தடவை அழுத்துங்க, பாப்போம்" என்றேன். அவர் கனிவாகச் சிரித்தார். "நம்பிக்கை இல்லாதவங்க பக்கத்துல இருந்தா சக்தி வேலை செய்யாது, தம்பி." என் முகத்தைக் கண்டாலே ஓடிப்போகும் சக்தி, 5ஜி கோபுரத்தை எதிர்த்து நிற்குமாம்!

மாமா என்னைப் பார்த்து, "படிச்ச திமிருடா உனக்கு" என்றார். பிறகு அந்த ஆளிடம் திரும்பி, "மாத்திரைய நிறுத்திடலாமா?" என்று கேட்டார் பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டது என்றால் நான் எழுந்துகூடப் பார்க்க மாட்டேன். யானைக்குட்டி போட்டது என்றால் குட்டியைக் காட்டு என்பேன். இது திமிரா? இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963இல், அற்புத சக்தியை ஏமாற்றில்லாமல் காட்டுபவருக்கு என்று ஒரு லட்சம் ரூபாய் வைத்துச் சவால் விட்டார். ஒட்டிய உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்வதும் அதில் ஒன்று. 1978இல் அவர் சாகும்வரை ஒரு சாமியாரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை.

இன்னும் கேளுங்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, இதே மாதிரி 5ஜி தடுக்கும் பதக்கம், காப்பு என்று பத்துப் பொருள்களைச் சோதிக்க வைத்து முடிவைச் சொன்னது. கதிரியக்கம் அவற்றிலிருந்தே வந்தது! கழற்றி மூடி வையுங்கள் என்று எச்சரித்தார்கள். மாமாவுக்கு அந்தச் செய்தியைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "இது உண்மைன்னு என்ன ஆதாரம்?" என்றார்.

ஆதாரம்! என்னிடம்!

நேற்று வீட்டுக்குப் போனேன். டுரியானில் ஒரு சுளையில் புழு இருந்ததாம், கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு பழம் வாங்கி வந்திருந்தார். அத்தை இரத்தம் குத்திச் சர்க்கரை பார்த்தார்: 14.2, ரொம்ப அதிகம். மாமா ஆறாவது சுளையை வாயில் போட்டபடி பதக்கத்தைத் தட்டிக் காட்டினார். "இதுதான் இருக்கே." அத்தை என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. மாத்திரை டப்பாவை அத்தை ஒளித்து வைத்து, சாப்பாட்டுக்கு முன்னால் கையில் திணிக்கிறாராம். அதனால் நாற்பதாவது நாள் எது குணமாக்கியது என்று மாமா சொல்லப்போகிறார், உங்களுக்கே தெரியும்.

அது போகட்டும். அந்த டுரியான் தோலை என் கார் பூட்டில் விட்டுவிட்டுப் போனது யார்? மூன்று நாளாக ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுகிறேன், மழை வேறு.